பச்சிலை எண்ணெயும் ஆட்டுக் கொழுப்பும்

ஆட்டுக்கறிக் குழம்பு ஆறினால் மேலே வெள்ளையாகக் கொழுப்பு கட்டிவிடும். மலாக்காவின் நடுப்பகல் வெக்கையிலும் அது தானாகக் கரையாது. மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். செம்மறிக் கொழுப்பு உருக ஏறத்தாழ 44 முதல் 51 பாகை செல்சியஸ் சூடு தேவை. ஆனால் அந்த ஆடு மேய்ந்த தழையில் இருந்த கொழுப்பு முற்றிலும் வேறு. பச்சை இலையில் உள்ள கொழுப்பு அமிலங்களில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம். அது உறைய வேண்டுமென்றால் சுழியத்துக்குக் கீழே 11 பாகை வரை குளிர வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்தாலும் எண்ணெயாகவே இருக்கக்கூடிய ஒன்றைத் தின்ற ஆட்டின் உடம்பில், வெயிலிலும் இளகாத கட்டிக் கொழுப்பு எப்படிச் சேர்ந்தது?

மனிதனும் பன்றியும் கோழியும் எதைத் தின்றனவோ அதன் சாயல் அவற்றின் கொழுப்பில் தெரியும். பன்றிக்குச் சோயா எண்ணெய் கொடுத்தால் பன்றிக் கொழுப்பு இளகும். செம்மறியிடம் இந்தக் கணக்கு செல்லாது. அதன் வயிற்றில் தின்ற கொழுப்பு அவிழ்க்கப்பட்டு, உருமாறி, வேறொன்றாகக் குடலுக்குப் போகிறது. இதை மலாக்காவின் தோட்டப்புறத்தில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அங்கே ஆட்டின் முன்னால் இருப்பது புல் மட்டுமல்ல. செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கும் இருக்கிறது. அதில் கொழுப்பும் இருக்கிறது; கொழுப்போடு வரும் ஓர் ஆபத்தும் இருக்கிறது.

மரத்தடி மேய்ச்சல்

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை டான் சாய் யான் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் போட்டார். அடுத்து அவர் கைவைத்தது புக்கிட் அசகான். அந்தத் தோட்டங்களுக்கும், பின்னர் ஜாசின், அலோர் காஜா மாவட்டங்களில் விரிந்த தோட்டங்களுக்கும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். லயத்தின் பின்புறம் மாட்டுக் கொட்டகையும் ஆட்டுப் பட்டியும் போட்டு வாழ்ந்த குடும்பங்கள் பல. பால்மரம் வெட்டிய கூலி போதாத காலத்தில் பசுவும் வெள்ளாடும்தான் கைச்செலவுக்கு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. புக்கிட் அசகான், டைமண்ட் ஜூபிலி, கெம்பாஸ் என்ற பெயர்கள் இன்று செம்பனையோடு சேர்த்தே சொல்லப்படுகின்றன. லயத்துப் பிள்ளைகள் மெர்லிமாவுக்கும் டுரியான் துங்காலுக்கும் மலாக்கா நகரத்துக்கும் குடிபெயர்ந்தார்கள். பட்டி வைத்திருப்போர் குறைந்தாலும் அற்றுப் போகவில்லை.

செம்மறி அங்கே பெரிய அளவில் நுழைந்தது பிழைப்புக்காக அல்ல, களைக்காக. மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1970களின் நடுவில் பால்மரத்துக்குக் கீழே செம்மறி வளர்க்கும் ஆய்வைத் தொடங்கியது. களைக்கொல்லிக்குக் கொடுக்கும் பணத்தை ஆட்டின் வாய் மிச்சப்படுத்தும் என்பது திட்டம். இறைச்சி கூடுதல் வரவு. நாட்டுச் செம்மறியான மாலின் சிற்றுடல் கொண்டது, முரட்டு ரோமம் உடையது, வெக்கைக்குப் பழகியது. அதைப் பெரிதாக்க டார்செட் போன்ற சீமை இனங்களோடு கலந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த கம்பளி ஆடுகள் புழுக்கத்தில் பட்ட பாடு தனிக் கதை.

மரத்தடியில் ஆட்டுக்குக் கிடைப்பது பலவகை. புவெரேரியா, செண்ட்ரோசீமா போன்ற மூடுபயிர்க் கொடிகள், மிக்கானியா, மலாய்க்காரர்கள் ‘ரும்புட் இஸ்ரேல்’ என்று சொல்லும் அசிஸ்டேசியா, நிழலைத் தாங்கும் சில புற்கள். தோட்ட நிர்வாகம் வெறுக்கும் அசிஸ்டேசியாவைச் செம்மறி விரும்பித் தின்னும். ஆனால் மரம் வளர்ந்து தலைகள் கூடிவிட்டால் ஐந்தாறு ஆண்டுகளில் தரையில் வெளிச்சம் அற்றுப்போகும், தழையும் அற்றுப்போகும். அந்த இடத்தில்தான் பிண்ணாக்கு மூட்டை வருகிறது. பச்சைத் தழையில் உள்ள கொழுப்பு, உலர்ந்த எடைக்கு நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று. ஆலையில் நசுக்கிப் பிழிந்த செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கில் எட்டுக்கு மேலும் கீழுமாக இருக்கும். கரைப்பான் ஊற்றி எடுத்ததில் ஒன்று முதல் மூன்று வரைதான். எந்த ஆலையின் சரக்கு என்பதைப் பொறுத்து ஆட்டின் வயிற்றில் நடப்பது மாறும்.

ஓர் ஆய்வும் நான்கு விளக்கங்களும்

கொழுப்பும் நாரும் ஆட்டின் வயிற்றில் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியைத் தொட்ட ஆய்வுகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஒன்று 1974-இல் ‘அனிமல் புரொடக்‌ஷன்’ இதழில் வந்தது. எழுதியவர்கள் சி. தேவேந்திராவும் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த டி. லூயிஸும். தேவேந்திரா மலேசியர், மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனமான மார்டியில் பணியாற்றியவர். வெப்ப மண்டலத்து ஆடுகளைப் பற்றி மெக்லீராயோடு சேர்ந்து 1982-இல் அவர் எழுதிய நூல் பல நாடுகளில் பாடநூலாகப் பயன்பட்டது. செம்பனையின் கழிவுகளைக் கால்நடைத் தீவனமாக்குவது பற்றி 1970களிலேயே முறையாக எழுதியவரும் அவர்தான். நம் தமிழ்ப் பாடநூல்களில் இவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் குறையாகத்தான் படுகிறது.

கொழுப்பு கூடினால் செம்மறி நாரைச் செரிப்பது குறைகிறது. ஏன் என்பதற்கு அந்தக் கட்டுரை நான்கு விளக்கங்களைத் தொகுத்து வைத்தது. எண்ணெய் நாரின் மேல் படலமாகப் படிந்து, நுண்ணுயிர்கள் நாரைத் தொட முடியாமல் செய்கிறது என்பது ஒன்று. எண்ணெய் சில நுண்ணுயிர்களுக்கு நஞ்சாகி, வயிற்றில் எந்த இனம் எவ்வளவு என்ற விகிதத்தையே மாற்றிவிடுகிறது என்பது இரண்டாவது. கொழுப்பு அமிலங்கள் அந்த உயிர்களின் செல் சவ்வில் ஒட்டி அவற்றின் வேலையை முடக்குகின்றன என்பது மூன்றாவது. நான்காவது, கால்சியம், மக்னீசியம் போன்ற தாதுக்களோடு கொழுப்பு அமிலம் சேர்ந்து கரையாத சோப்பாகிவிடுவதால் நுண்ணுயிர்களுக்குத் தாது கிட்டாமல் போகிறது. அரை நூற்றாண்டு கழிந்தும் இந்த நான்கையும் யாரும் தள்ளிவிடவில்லை. நுண்ணுயிர்களுக்கு நஞ்சாவது என்ற விளக்கத்துக்குச் சான்று கூடியிருக்கிறது. நான்காவதை நோய் என்று சொல்வதைவிட மருந்து என்று சொல்லலாம். பின்னால் அதற்கு வருகிறேன்.

பெருவயிற்றுக்குள்

ஆட்டின் நான்கு அறைகளில் முதலாவதும் பெரியதுமான ரூமன் வளர்ந்த செம்மறியில் பதினைந்து லிட்டர் வரை கொள்ளும். அங்கே ஆட்டின் சொந்தச் சாறு எதுவும் சுரப்பதில்லை. உமிழ்நீர் மட்டும் வந்து சேரும். வேலை செய்வதெல்லாம் குடியிருக்கும் பாக்டீரியாவும் புரோட்டோசோவாவும் பூஞ்சையும்தான். ஒரு மில்லிலிட்டர் ரூமன் நீரில் ஆயிரம் கோடி பாக்டீரியா இருக்கும்.

கொழுப்பு வந்து இறங்கியதும் முதல் வேலை அதை அவிழ்ப்பது. இலையில் உள்ள கொழுப்பு, பசுங்கணிகத்தின் சவ்வில் சர்க்கரையோடு கோத்த நிலையில் இருக்கிறது. பிண்ணாக்கில் உள்ளது மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒரு கிளிசராலில் கோத்த எண்ணெய். இரண்டையும் நுண்ணுயிர்களின் நொதிகள் அறுக்கின்றன. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் உள்ள ரோவெட் நிறுவனத்தில் கார்ட்டன், ஹாப்சன், லாஃப் மூவரும் ரூமனில் கொழுப்பு பிரிவதை 1958-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். 1961-இல் ஹாப்சனும் மேனும் இந்த வேலையைச் செய்யும் பாக்டீரியாவைச் செம்மறி ரூமனிலிருந்தே தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அவிழ்ந்த கிளிசராலும் சர்க்கரையும் புளித்து, புரோப்பியானிக் அமிலம் போன்ற குறுஞ்சங்கிலி அமிலங்களாகி, ரூமன் சுவர் வழியே ஆட்டின் இரத்தத்துக்குப் போகின்றன. நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் அந்தச் சுவரைக் கடப்பதில்லை. அவை உள்ளேயே நிற்கின்றன.

இரண்டாவது வேலைதான் விசித்திரம். லினோலெனிக் அமிலத்தின் கார்பன் சங்கிலியில் மூன்று இடங்களில் இரட்டைப் பிணைப்பு உண்டு. அந்த இடங்களில் சங்கிலி வளையும். வளைந்தவை நெருங்கி அடுக்கிக்கொள்ள முடியாததால் பொருள் எண்ணெயாக இருக்கிறது. ரூமன் பாக்டீரியா அந்த இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜனைச் சேர்த்து ஒவ்வொன்றாக மூடுகின்றன. மூன்றும் மூடினால் கிடைப்பது ஸ்டியரிக் அமிலம். சங்கிலி நேராகிவிடுகிறது, நேரான விறகுகள் இடைவெளி இல்லாமல் அடுக்கப்படுவதுபோல் அவை நெருங்கி உட்கார்ந்து கட்டியாகின்றன. ஸ்டியரிக் அமிலம் உருக 69 பாகை வேண்டும். சங்கிலியின் நீளம் மாறவில்லை, கார்பன் எண்ணிக்கை அதே 18-தான். சில ஹைட்ரஜன் அணுக்கள் கூடியதற்கே உருகுநிலையில் 80 பாகை வேறுபாடு. 1951-இல் அமெரிக்காவில் ரேமண்ட் ரைசர் ஆளிவிதை எண்ணெயை ஆட்டின் ரூமன் நீரில் ஊறவைத்து, லினோலெனிக் அமிலம் குறைவதைக் காட்டினார். அதற்குப் பிறகுதான் இந்த மாற்றம் ஆட்டின் உடம்பில் அல்ல, ரூமனில் நடக்கிறது என்பது உறுதிப்பட்டது.

நுண்ணுயிர்கள் இதை ஆட்டுக்காகச் செய்யவில்லை. இரட்டைப் பிணைப்புள்ள கொழுப்பு அமிலம் அவற்றுக்கு நஞ்சு. அதன் பல்லைப் பிடுங்கிவிடுகின்றன, அவ்வளவுதான். பியூட்டிரிவிப்ரியோ என்ற பாக்டீரியா இனம் இந்த வேலையில் முன்னணி. தின்ற லினோலெனிக் அமிலத்தில் நூற்றுக்கு 85-க்கு மேல் இவ்வாறு மாற்றப்படுகிறது. லினோலெயிக் அமிலத்தில் 70 முதல் 95 வரை. முழுதாக முடியாமல் பாதியில் தப்பியவையும் உண்டு. வாக்சினிக் அமிலமும், சி.எல்.ஏ. என்று சத்துணவுக்காரர்கள் பேசும் கூட்டு லினோலெயிக் அமிலமும் அப்படித் தப்பி இறைச்சிக்கும் பாலுக்கும் வந்து சேர்பவை. அசைபோடும் விலங்குகளின் இறைச்சியில் சி.எல்.ஏ. அதிகம் காணப்படுவது செம்மறியில்.

குட்டிக்கு இது எதுவும் பொருந்தாது. தாய்ப்பால் குடிக்கும்போது உணவுக்குழாயின் அடியில் ஒரு பள்ளம் மடிந்து குழாயாகி, பாலை ரூமனில் விழவிடாமல் நேரே நான்காம் இரைப்பைக்குக் கொண்டுபோகிறது. பாலின் கொழுப்பு நுண்ணுயிரிடம் சிக்காமல் குட்டிக்குப் போய்ச் சேர்கிறது. தழை கடிக்கத் தொடங்கிய சில வாரங்களில் ரூமன் விழித்துக்கொள்கிறது.

பித்தநீரின் பங்கு

ரூமனை விட்டு வெளியேறும் கொழுப்பில் பெரும்பகுதி எதனோடும் கோக்காத தனிக் கொழுப்பு அமிலம். நார்த் துணுக்குகளின் மேல் ஒட்டிக்கொண்டு போகிறது. அதோடு நுண்ணுயிர்கள் தம் உடலில் சொந்தமாகக் கட்டிய கொழுப்பும் சேர்ந்துகொள்கிறது. கொழுப்புக் குறைந்த புல்லை மட்டும் தின்னும் ஆட்டில், தின்றதைவிடக் குடலுக்கு வந்து சேரும் கொழுப்பு அதிகமாக இருக்கும்.

நான்காம் இரைப்பையின் புளிப்பில், தாதுவோடு சேர்ந்து சோப்பாகியிருந்த கொழுப்பு அமிலங்கள் மறுபடி பிரிகின்றன. அடுத்துச் சிறுகுடல். மனிதனின் குடலில் இரைப்பையிலிருந்து வந்த புளிப்பு விரைவில் தணிந்துவிடும். செம்மறியின் முன்சிறுகுடலில் அது நெடுந்தூரம் தணிவதில்லை. கணையச் சாற்றில் உப்புக்காரம் குறைவு. இந்தப் புளிப்பில் ஸ்டியரிக் அமிலத்தைக் கரைப்பது சுலபமல்ல. மனிதனுக்கு அது சரியாகச் செரிப்பதில்லை. செம்மறி அதில் ஐந்தில் நான்கு பங்கை உறிஞ்சிவிடுகிறது.

இதற்குக் காரணம் பித்தநீரின் தன்மை. செம்மறியின் பித்த உப்புகள் பெரும்பாலும் டாரின் என்ற பொருளோடு இணைந்தவை. கிளைசினோடு இணைந்த உப்புகள் புளிப்பில் திரிந்து அடியில் தங்கிவிடும்; டாரின் உப்புகள் கடும் புளிப்பிலும் கரைந்தே இருக்கும். பித்தநீரோடு வரும் லெசித்தினைக் கணைய நொதி அறுத்து லைசோலெசித்தின் ஆக்குகிறது. நம் குடலில் கொழுப்பைக் கரைக்க உதவுவது எண்ணெய் பாதி அறுந்து கிடைக்கும் மோனோகிளிசரைடு. ஆட்டின் எண்ணெயை ரூமன் முன்பே முழுக்க அவிழ்த்துவிட்டதால் மோனோகிளிசரைடுக்கு அங்கே இடமில்லை. அதன் வேலையை லைசோலெசித்தின் செய்கிறது. இது ஸ்டியரிக் அமிலத்தைக் கரைப்பதில் மோனோகிளிசரைடைவிட வல்லது. செம்மறியில் கணையக் குழாய் தனியாகக் குடலில் திறப்பதில்லை. பித்தக் குழாயோடு கலந்து ஒரே வழியாக வருகிறது. இரண்டு சாறும் ஒன்றாகச் சேர்ந்து கொழுப்பின் மேல் விழுகின்றன.

உறிஞ்சல் எங்கே நடக்கிறது என்று 1968-இல் லெனாக்ஸும் கார்ட்டனும் செம்மறிக் குடலை அளந்து பார்த்தார்கள். இடைச்சிறுகுடலின் மேற்பகுதியில் புளிப்பு இன்னும் தணியாத நிலையிலேயே உறிஞ்சல் தொடங்கிவிடுகிறது. பெரும்பங்கு அதன் நடுவிலும் கீழிலும் நடக்கிறது. குடல் செல்லுக்குள் போன கொழுப்பு அமிலங்கள் மறுபடி கிளிசராலோடு கோக்கப்பட்டு, புரத உறையிட்ட நுண்துளிகளாகி, நிணநீர் வழியே இரத்தத்தில் கலக்கின்றன. கல்லீரலைத் தொடாமல் நேரே தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் போகின்றன.

அங்கே ஆடு தன் பங்குக்கு ஒன்று செய்கிறது. வந்த ஸ்டியரிக் அமிலத்தில் ஒரு பகுதியில் இரட்டைப் பிணைப்பு ஒன்றைத் திரும்பப் போட்டு ஓலெயிக் அமிலம் ஆக்குகிறது. இல்லாவிட்டால் ஆட்டின் சொந்த உடல் வெப்பத்திலேயே அதன் கொழுப்பு இன்னும் இறுகிவிடும். கொழுப்பு முழுக்கத் தீனியிலிருந்து வருவதும் அல்ல. நார் புளித்து வரும் அசிட்டிக் அமிலத்திலிருந்தும் ஆடு கொழுப்பைக் கட்டுகிறது. நம்மைப்போல் சர்க்கரையிலிருந்து கட்டுவது குறைவு. புரோப்பியானிக் அமிலம் மிகுந்தால் கிளைவிட்ட கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. செம்மறிக் கறியின் அந்தக் கவுச்சி வாடைக்கு முதன்மைக் காரணம் அவற்றில் ஒன்றான 4-மெத்தில்ஆக்டனாயிக் அமிலம். தானியம் நிறையத் தின்ற ஆட்டில் வாடை ஏறுவதற்கு இதுவே விளக்கம்.

பிண்ணாக்கு வந்த பிறகு

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். முப்பது கிலோ செம்மறி ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 900 கிராம் உலர்தீனி தின்னும். தழை மட்டும் தின்றால் கொழுப்பு 20 முதல் 25 கிராம். தீனியில் நூற்றுக்கு 30 பங்கு செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு என்றால், 270 கிராம் பிண்ணாக்கிலிருந்து 22 கிராம், மீதித் தழையிலிருந்து 16 கிராம், மொத்தம் 38. தீனியில் நான்கு விழுக்காடு சொச்சம். ரூமன் தாங்கும். தழை கிடைக்கவில்லை என்று பிண்ணாக்கை மட்டுமே கொட்டினால் 72 கிராம், எட்டு விழுக்காடு. ஐந்து ஆறைத் தாண்டினாலே நார் செரிப்பது தடுமாறும் என்பது பொதுவான அனுபவம். பிண்ணாக்கே நார் மிகுந்த தீனி என்பதை மறக்கக் கூடாது. செரிக்க வேண்டிய நாரும், செரிப்பைக் கெடுக்கும் எண்ணெயும் ஒரே மூட்டையில் வருகின்றன. தேவேந்திராவும் லூயிஸும் கேட்ட கேள்வி இந்த மூட்டைக்கு அப்படியே பொருந்துகிறது.

கொட்டை எண்ணெயின் குணமும் வேறு. செம்பனைப் பழத்தின் சதையிலிருந்து வரும் எண்ணெயில் பால்மிட்டிக் அமிலமும் ஓலெயிக் அமிலமும் மிகுதி. கொட்டைப் பருப்பின் எண்ணெய் தேங்காய் எண்ணெயின் உறவு. பாதிக்கு அருகில் லாரிக் அமிலம். அது ஏற்கெனவே நிறைவுற்றது. இரட்டைப் பிணைப்பு இல்லாததால் ரூமன் பாக்டீரியா அதில் மாற்ற ஒன்றுமில்லை, வந்தபடியே கடந்துவிடுகிறது. தின்றது வேறு, சேர்வது வேறு என்று முதலில் சொன்ன விதி இங்கே தளர்கிறது.

இதற்குப் பெரிய சாட்சி நியூசிலாந்து. மலேசியாவும் இந்தோனேசியாவும் ஏற்றுமதி செய்யும் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கை வாங்கி மாட்டுக்குப் போடும் நாடு அது. பிண்ணாக்கு அதிகம் தின்ற பசுக்களின் பாலில் கொழுப்பு அமில விகிதம் மாறி, வெண்ணெய் செய்வது சிக்கலானது. ஃபான்டெரா கூட்டுறவு நிறுவனம் 2015-இல் ஒரு பசுவுக்கு நாளுக்கு மூன்று கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று விவசாயிகளுக்கு அறிவுறுத்தியது. 2018 முதல் பாலின் கொழுப்பையே சோதித்துத் தரம் பிரித்து, மீறினால் விலையைக் குறைக்கும் முறையைக் கொண்டுவந்தது. நம் ஊர்ச் செம்பனையின் முத்திரை அங்கே பாலில் தெரிகிறது.

ரூமனைத் தொடாமல் கொழுப்பைக் கடத்தும் வழிகளையும் மனிதர்கள் கண்டுபிடித்தார்கள். 1970-இல் ஆஸ்திரேலியாவின் ஸ்காட், குக் குழுவினர் எண்ணெய்த் துளிகளை ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திய கேசின் புரதத்தால் பொதிந்து கொடுத்தார்கள். ரூமனால் அந்தப் பொதியை அவிழ்க்க முடியவில்லை. நான்காம் இரைப்பையின் புளிப்பில் அது அவிழ்ந்தது. ஆட்டிலும் மாட்டிலும் இளகிய கொழுப்பு வந்தது. அடுத்து 1980களில் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாம்குவிஸ்டும் ஜென்கின்ஸும், தேவேந்திரா தொகுத்த நான்காவது விளக்கத்தையே தலைகீழாகத் திருப்பினார்கள். ரூமனில் கொழுப்பு கால்சியத்தோடு சேர்ந்து கரையாத சோப்பாகிறது என்றால், முன்பே சோப்பாக்கிக் கொடுத்தால் என்ன? ரூமனில் அது கரையாமல் சும்மா கிடக்கும், யாருக்கும் நஞ்சாகாது. புளிப்பு இரைப்பையில் உடையும். இன்று உலகெங்கும் கறவை மாடுகளுக்குப் போடும் இந்தக் கால்சியம் சோப்பின் மூலப்பொருள் பெரும்பாலும் செம்பனை எண்ணெய் சுத்திகரிப்பில் வடியும் கொழுப்பு அமிலம். மலாக்காவில் இரண்டு மூன்று ஆடு வைத்திருப்பவர் இதை வாங்க வேண்டிய அவசியமே இல்லை என்பேன். அதிகப் பால் கறக்கும் மாட்டின் பசிக்குச் செய்த பண்டம் அது. மரத்தடி ஆட்டுக்கு அது வீண் செலவு.

செம்பு

கொழுப்பைப் பற்றிய கட்டுரையில் செம்பு எதற்கு என்று கேட்கலாம். பிண்ணாக்கு மூட்டையில் இரண்டும் ஒன்றாக வருகின்றன. ஆட்டின் உடம்பிலும் இரண்டின் பாதையும் சந்திக்கிறது.

செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கில் கிலோவுக்கு 20 முதல் 30 மில்லிகிராம் செம்பு இருக்கிறது. மாட்டுக்கு இது பொருட்டல்ல. வெள்ளாடும் ஓரளவு தாங்கும். செம்மறியின் தேவை கிலோ தீனிக்குப் பத்து மில்லிகிராம் அளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் செம்மறித் தீவனத்துக்கு வகுத்த உச்சவரம்பு 15. செம்மறியால் உபரிச் செம்பைப் பித்தநீர் வழியே போதுமான அளவு வெளியேற்ற முடியாததுதான் சிக்கல். கொழுப்பைக் கரைப்பதில் அவ்வளவு வல்லமை காட்டும் அதே பித்தநீர் செம்பை இறக்கிவிடுவதில் பலவீனமானது. செம்பு கல்லீரலில் மாதக்கணக்கில் சேரும். ஆடு நன்றாகத் தின்னும், எடை போடும், ஒன்றும் தெரியாது. ஒரு நாள் அலைச்சலோ பயமோ தீனி மாற்றமோ வரும்போது கல்லீரல் செம்பை இரத்தத்தில் கொட்டிவிடுகிறது. சிவப்பணுக்கள் உடைந்து, கண்ணும் வாயும் மஞ்சளாகி, சிறுநீர் கறுஞ்சிவப்பாகி, இரண்டொரு நாளில் ஆடு செத்துவிடுகிறது. விஷம் வைத்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தைச் சந்தேகிக்கக்கூட இடம் தரும் சாவு அது.

மலேசிய ஆய்வாளர்கள் இதை விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். புத்ரா பல்கலைக்கழகத்தின் ஹயிர்-பெஜோவும் அலிமோனும் 1995-இல், பிண்ணாக்குத் தின்ற செம்மறிகளுக்குத் துத்தநாகம் சேர்த்துக் கொடுப்பது கல்லீரலைக் காக்க உதவுவதாக எழுதினார்கள். மாலிப்டினமும் கந்தகமும் செம்பைக் கட்டிப்போடும் என்பதைச் சோதித்த ஆய்வுகளும் உண்டு.

இன்னொரு இழையும் இதில் சேர்கிறது. கனடாவின் ஐவன் குழுவினர் 1986-இல், ரூமனில் புரோட்டோசோவா உள்ள செம்மறிகள் செம்பு நஞ்சைக் கூடுதலாகத் தாங்குவதைக் காட்டினார்கள். அந்த உயிர்கள் புரதத்தைச் சிதைக்கும்போது எழும் சல்ஃபைடு, செம்பைக் கரையாத பொருளாக்கிச் சாணத்தோடு அனுப்பிவிடுகிறது. லாரிக் அமிலமோ புரோட்டோசோவாவைக் கொல்வதில் பேர்போனது. தேங்காய் எண்ணெயை ஆட்டுக்கு ஊற்றி மீத்தேனைக் குறைக்கும் சோதனைகளே அந்த அடிப்படையில் நடப்பவைதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது: எண்ணெய் மிகுந்த பிண்ணாக்கு, செம்பையும் கொண்டுவருகிறது, செம்புக்குத் தடையாக நின்ற உயிர்களையும் குறைக்கிறது. இது என் ஊகம்தான். ஆனால் பிண்ணாக்கில் செம்பு எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு எண்ணெய் எவ்வளவு என்று பார்க்காமல் விடுவது சரியல்ல என்று நினைக்கிறேன்.

மலேசியா தின்னும் ஆட்டிறைச்சியில் பத்தில் ஒரு பங்கு அளவே உள்நாட்டில் விளைகிறது. மீதி பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த நிலையில் வருகிறது. தீபாவளிக்கும் கிடா வெட்டுக்கும் நாட்டு ஆடு தேடுவோர் விலையைப் பற்றி யோசிப்பதில்லை. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் ஓய்வுபெற்றவர்களும் இளைஞர்களும் சிறு பட்டி போட முன்வருவதற்கு இந்தச் சந்தைதான் தைரியம். அவர்களுக்குச் சொல்ல வேண்டியவை சில. செம்மறிக்குப் பிண்ணாக்கு, தீனியில் 30 விழுக்காட்டுக்குள் நிற்கட்டும். மீதி தழையாகவோ நறுக்கிய செம்பனை மட்டையாகவோ இருக்கட்டும். மூட்டை வாங்கும்போது அது பிழிந்த சரக்கா, கரைப்பானில் எடுத்ததா என்று கேளுங்கள். தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு அதிகமாக இருந்தால் அளவைக் குறையுங்கள். ஆட்டின் சிறுநீர் சிவந்தால் காத்திருக்காமல் அன்றே மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். மாட்டுக்கு வாங்கிய தாது உப்புக் கட்டியைச் செம்மறிப் பட்டியில் தொங்கவிடாதீர்கள்; அதில் செம்பு சேர்த்திருப்பார்கள்.